தைராய்டு மாத்திரை: காப்பி கொஞ்சம் காத்திருக்கட்டும்

பள்ளத்தூரிலிருந்து மாதம் ஒரு முறை எங்கள் மருந்துக் கடைக்கு ஓர் ஆச்சி வருவார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். முதலில் அவருக்கு எழுதிக் கொடுத்தது 50 பவர் தைராய்டு மாத்திரை, அப்புறம் 75, அதற்கும் அப்புறம் 100. ஒவ்வொரு தடவை சீட்டை நீட்டும்போதும், "பவரு கூடிக்கிட்டே போகுது தம்பி, உடம்பு மட்டும் அப்படியேதான் கெடக்கு" என்பார். முடி கொட்டுகிறது, முகம் உப்பியிருக்கிறது, சித்திரை வெயிலிலும் குளிர்கிறது என்று போர்வை கேட்கிறார், பகலெல்லாம் தூக்கம். ஒரு நாள் மத்தியானம் கடையில் கூட்டமில்லை. "எப்படிப் போடுறீங்க ஆச்சி?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் கரெக்டாத்தான் போடுறேன். காலையில எந்திரிச்சுப் பல் வெளக்குனதும் காப்பியோட போட்டுருவேன். எலும்புக்குக் குடுத்த கால்சியம் மாத்திரையையும் சேத்தே முழுங்கிருவேன். ஒரே வேலையா முடிஞ்சிரும்ல?"

மூன்று வருஷமாக எகிறிக்கொண்டிருந்த பவருக்கான காரணம் அந்தப் பதிலிலேயே இருந்தது. மாத்திரையில் குறை இல்லை, டாக்டரிடமும் குறை இல்லை, காலை ஆறு மணிக்கு அந்த வயிற்றுக்குள் யார் யார் ஒன்றாக இறங்குகிறார்கள் என்பதுதான் பிரச்சினை. காரைக்குடியில் மருந்துக் கடையில் நிற்பவன் என்ற முறையில் நான் பார்த்தவரை, தைராய்டு மாத்திரை சாப்பிடுகிற நிறையப் பேருக்கு இந்த ஒரு விஷயத்தை யாரும் உட்கார வைத்துச் சொன்னதே இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். பவரைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டரின் வேலை, அதில் நான் தலையிட மாட்டேன். போடுகிற விதம் நம் கையில் இருக்கிறது, அதைப் பற்றி மட்டும் பேசுவோம்.

முதலில் இந்த மாத்திரை என்ன என்று பார்த்துவிடலாம். கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, பட்டாம்பூச்சி வடிவத்தில் ஒரு சுரப்பி இருக்கிறது. அதுதான் தைராய்டு. அது சுரப்பதில் பெரும்பங்கு தைராக்சின் என்கிற டி4, கொஞ்சம் டி3. உடம்பு டி4-ஐத் தேவைக்கு ஏற்ப டி3 ஆக மாற்றிக்கொள்ளும். இதயம் எவ்வளவு வேகமாகத் துடிக்க வேண்டும், குடல் எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்க வேண்டும், உடம்பில் சூடு எவ்வளவு என்று எல்லாவற்றிலும் இதற்குக் கை உண்டு. சுரப்பி மந்தமாகிவிட்டால் எல்லாமே மந்தம். நமக்குக் கொடுக்கிற மாத்திரை லீவோதைராக்சின், அதாவது நம் சுரப்பி செய்கிற அதே டி4, தொழிற்சாலையில் செய்தது. இது தலைவலி மாத்திரை மாதிரி ஒரு நோயோடு சண்டை போடுகிற மருந்து இல்லை. வீட்டில் குறைகிற சாமானைக் கடையில் வாங்கி நிரப்புகிற கதைதான். அதனால்தான் பெரும்பாலானவர்களுக்கு ஆயுசுக்கும் தேவைப்படுகிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குவதை ஜப்பான் டாக்டர் ஹஷிமோட்டோவின் பெயரால் சொல்வார்கள், அவர் 1912-இல் எழுதியது. அதிலோ, அறுவை சிகிச்சையிலோ போன சுரப்பி பெரும்பாலும் திரும்பி வராது. பிரசவத்துக்குப் பிறகு சிலருக்குத் தற்காலிகமாக வந்து போவதும் உண்டு, ஆனால் எது தற்காலிகம் என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். "நல்லாயிருக்கு, நிறுத்திட்டேன்" என்று நாமாக முடிவு பண்ணக் கூடாது. நன்றாக இருப்பதே மாத்திரையால்தானே.

அடுத்து ரிப்போர்ட். ரத்தப் பரிசோதனையில், தைராய்டைத் தூண்டுகிற ஹார்மோனான டிஎஸ்எச் 12 என்று வந்தால், "எனக்குத் தைராய்டு ஜாஸ்தியாம்" என்று வருவார்கள். உண்மை நேர் எதிர். ஒரு பெரிய வளவு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டாலையில் வீட்டுப் பெரிய ஆச்சி உட்கார்ந்திருக்கிறார், அடுப்படி இரண்டு கட்டு தள்ளிப் பின்னால் இருக்கிறது. சாப்பாடு நேரத்துக்கு வந்தால் ஆச்சி சத்தமே போட மாட்டார். அடுப்படியில் வேலை சுணங்கினால் குரல் கொடுப்பார், இன்னும் சுணங்கினால் இன்னும் உரக்கக் கூப்பிடுவார். மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பிதான் அந்த ஆச்சி, டிஎஸ்எச் அவருடைய குரல், அடுப்படி தைராய்டு. குரல் உரத்துக் கேட்டால் அடுப்படியில் வேலை நடக்கவில்லை என்று அர்த்தம். குரலே கேட்கவில்லை என்றால் தேவைக்கு மேல் சமைத்துக் குவித்துவிட்டார்கள் என்று அர்த்தம், அதாவது மாத்திரை அதிகம். சாதாரணமாகப் பெரியவர்களுக்கு 0.4-இலிருந்து 4 அல்லது 4.5 வரை சரி என்பார்கள், லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும், கர்ப்பிணிகளுக்கும் ரொம்ப வயதானவர்களுக்கும் கணக்கு வேறு.

நடுவில் ஒரு கதை சொல்லிவிடுகிறேன், சுக்கா வறுவல் ஊர்க்காரர்கள் ரசிப்பீர்கள். 1891-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற டாக்டர், தைராய்டு செத்துப்போன ஓர் அம்மாவுக்கு ஆட்டுத் தைராய்டின் சாற்றை ஊசியாகப் போட்டார். அந்த அம்மா தேறி, அதற்கப்புறம் 28 வருஷம் போல வாழ்ந்தார். அடுத்த வருஷமே, ஊசி எதற்கு, ஆட்டின் தைராய்டை லேசாக வறுத்துப் பழ ஜெல்லியோடு சாப்பிட்டாலும் வேலை செய்கிறது என்று இன்னொரு டாக்டர் எழுதினார். 1914 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்காவில் கெண்டல் என்பவர் தைராக்சினைத் தனியாகப் பிரித்தெடுத்தார், 1927-இல் அதை ஆய்வகத்திலேயே செய்துவிட்டார்கள். வறுத்துச் சாப்பிடுவதில் என்ன தொல்லை என்றால் ஓர் ஆட்டுக்கும் இன்னோர் ஆட்டுக்கும் அளவு மாறும். இந்த விஷயத்தில் அளவுதான் எல்லாமே.

எவ்வளவு சின்ன அளவு தெரியுமா? நாம் பவர் என்று சொல்வது மைக்ரோகிராம். ஒரு கிராம் தங்கக் காசு கையில் எவ்வளவு கனக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த ஒரு கிராம் எடைக்கு லீவோதைராக்சின் இருந்தால் 100 பவர் மாத்திரை 10,000 செய்யலாம். ஒரு நாளுக்கு ஒன்று என்றால் 27 வருஷத்துக்கு வரும். மாத்திரையில் கண்ணுக்குத் தெரிகிற மீதியெல்லாம் மாவுதான். இவ்வளவு பொடி அளவு மருந்து வயிற்றில் கரைந்து, சிறுகுடல் வழியாக ரத்தத்துக்குள் போக வேண்டும். வெறும் வயிற்றிலேயே போட்டதில் 60-80 சதவீதம்தான் உள்ளே ஏறும். அதோடு கால்சியமோ இரும்போ சேர்ந்தால் அவை இதைப் பிடித்துக் கட்டிக்கொண்டு குடலைத் தாண்ட விடாது. காப்பியும் உறிஞ்சுவதைக் குறைக்கிறது, பால் சேர்க்காத கடுங்காப்பி என்றால் தப்பில்லை என்று நினைக்காதீர்கள். பாலில் கால்சியம் வேறு இருக்கிறது. ஆக ஃபில்டர் காப்பி இரண்டு பக்கமும் அடிக்கும்.

சரி, எப்படிப் போடுவது? எழுந்ததும், வேறு எதுவும் வாயில் போடுவதற்கு முன்னால், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரில். அதற்கப்புறம் அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம், காப்பி, டீ, பால், பலகாரம் எதுவும் கிடையாது. தண்ணீர் குடிக்கலாம். வாசல் தெளித்து, கோலம் போட்டு, குளித்துவிட்டு வந்தால் அந்த நேரம் தானாக ஓடிவிடும். கால்சியம் மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை, இவை கலந்த சத்து மாத்திரைகள், நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற ஜெல் மருந்து, எல்லாவற்றுக்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். எளிய வழி, தைராய்டு காலையில், இரும்பும் கால்சியமும் மத்தியானத்துக்கு மேல். கேஸ் மாத்திரை என்று காலையில் போடுகிறோமே, பான்டோப்ரசோல் வகையறா, அவற்றின் கதை வேறு. மணி தள்ளிப் போட்டாலும் அவை நாள் முழுக்க வயிற்று அமிலத்தைக் குறைத்து வைக்கும், மாத்திரை கரைய அமிலம் வேண்டும். தினமும் சாப்பிடுகிறவர்கள் தைராய்டு பார்க்கிற டாக்டரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

"எங்க வீட்டுல அது நடக்காது தம்பி" என்பவர்களும் உண்டு. நியாயம்தான். கல்யாண வீட்டில் தங்கியிருக்கிறோம், கண் முழிக்கும் முன்னாலேயே தலைமாட்டில் காப்பி வந்து நிற்கிறது, வேண்டாம் என்றால் கொண்டு வந்தவர் முகம் சுருங்கிப்போகும். அப்படிப்பட்டவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு ராத்திரிக்கு மாற்றிக்கொள்ளலாம். கடைசியாகச் சாப்பிட்டு 3 மணி நேரமாவது கழித்து, படுக்கப் போகும்போது. ஆனால் படுக்கும் முன் பால் குடிக்கிற பழக்கம் இருந்தால் மறுபடி அதே சிக்கல். காலையோ ராத்திரியோ, தினமும் ஒரே மாதிரி போடுவதுதான் முக்கியம். ஒரு நாள் காப்பியோடு, ஒரு நாள் தண்ணீரோடு, ஒரு நாள் பணியாரத்துக்கு அப்புறம் என்றால் உள்ளே எவ்வளவு போகிறது என்று டாக்டருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

விரதத்துக்கு வருகிற சந்தேகம் ஒன்று. சஷ்டி விரதம், மாத்திரை போடலாமா? போடலாம், வெறும் வயிறும் தண்ணீரும்தானே இது கேட்பது, இதைவிடத் தோதான நாள் கிடையாது. பழனிப் பாதயாத்திரை போகிறவர்களும் தைப்பூசத்துக்கு முன்னால் வந்து, "ஒரு வாரம் நடக்கணும், மாத்திரைய நிறுத்திக்கலாமா?" என்பார்கள். எதற்கு நிறுத்த வேண்டும்? விடியுமுன் நடக்கக் கிளம்பும்போது தண்ணீரோடு போட்டுவிட்டால், முதல் இளைப்பாற்றியில் காப்பி வரும்போது நேரம் சரியாக இருக்கும். நடைக்கு வேண்டியதை மட்டும் டப்பாவோடு பையில் வையுங்கள், சட்டைப் பையில் வேண்டாம், வியர்வையில் ஊறிவிடும்.

ஒரு நாள் மறந்துவிட்டால் என்ன ஆகும்? பதற வேண்டாம். ஊருணியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் மழை பெய்யவில்லை என்று ஊருணி வற்றிவிடாது. தைராக்சினும் அப்படித்தான், உடம்பில் இருப்பதில் பாதி கழிய சுமார் 7 நாள் ஆகும். அன்றைக்கே ஞாபகம் வந்தால் வயிறு காலியாக இருக்கிற நேரம் பார்த்துப் போட்டுவிடலாம். மறுநாள்தான் ஞாபகம் வந்தது என்றால் அன்றைய ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள், டாக்டர் சொல்லாமல் இரண்டாகப் போட வேண்டாம். நாள் கணக்கில் விட்டுப்போனால் அவரிடமே கேட்டுவிடுங்கள்.

அதே ஊருணிக் கணக்குதான் ரத்தப் பரிசோதனைக்கும். புதிய பவர் ஆரம்பித்தால் மட்டம் ஏறி ஓர் இடத்தில் நிற்க 5-6 வாரம் பிடிக்கும். பிட்யூட்டரி ஆச்சியும் உடனே நம்பிவிட மாட்டார், கொஞ்ச நாள் பார்த்துத்தான் குரலை இறக்குவார். அதனால் 6-இலிருந்து 8 வாரம் கழித்துத்தான் டிஎஸ்எச் பார்ப்பார்கள். பத்தே நாளில் போய்ப் பார்த்துவிட்டு, "மாத்திரை கேக்கல" என்று வருத்தப்படுகிறவர்கள் அந்தப் பணத்துக்கு மட்டன் வாங்கியிருக்கலாம். ரத்தம் கொடுக்கிற அன்று, கொடுத்த பிறகு மாத்திரை போடுங்கள், ஏனென்றால் போட்ட சில மணி நேரத்துக்கு டி4 கொஞ்சம் கூடிக் காட்டும். முடி வளர பயோட்டின் சாப்பிடுகிறீர்கள் என்றால் குறைந்தது 2 நாள் முன்னாலேயே நிறுத்தி, அதை டாக்டரிடமும் சொல்லுங்கள். அது உடம்பில் எதையும் கெடுக்காமல் பரிசோதனையை மட்டும் குழப்பும், தப்பான ரிப்போர்ட் வந்து தப்பான பவரில் போய் முடியும்.

டப்பாவை எங்கே வைப்பது? பெரும்பாலான வீடுகளில் அடுப்படி அலமாரி, அதுவும் அடுப்புக்கு மேலே. இருப்பதிலேயே மோசமான இடம். சூடு, ஈரம், வெளிச்சம் மூன்றும் இந்த மருந்துக்கு ஆகாது. செட்டிநாட்டு வீட்டுக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி, கனமான சுவர், கீழே ஆத்தங்குடிக் கல், உள் அறை கோடையிலும் குளிர்ச்சியாக இருக்கும். அங்கே ஒரு மூலையில் வையுங்கள், குழந்தைகள் கைக்கு எட்டாமல். டப்பாவுக்குள் இருக்கிற சின்ன ஈரம் உறிஞ்சிப் பொட்டலத்தை எறியாதீர்கள். எல்லா மாத்திரையையும் ஒரே எவர்சில்வர் டப்பாவில் கொட்டி வைக்கிற பழக்கம் வேண்டாம், பவரும் தெரியாது, தேதியும் தெரியாது.

கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தை. தைரோநார்ம், எல்ட்ராக்சின் என்று பல பெயரில் வருகிறது, உள்ளே மருந்து ஒன்றுதான். ஆனாலும் இவ்வளவு நுணுக்கமான அளவில் சின்ன வித்தியாசமும் சிலருக்குத் தெரியும் என்பதால், ஒத்துக்கொண்ட ஒன்றிலேயே இருப்பது நல்லது. சரக்கு இல்லை என்று கடையில் வேறு கொடுத்தால், என்னைப் போன்றவர்களிடமும் சொல்லி வையுங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள், மாற்றினால் 6-8 வாரத்தில் ஒரு டிஎஸ்எச் பார்த்துவிடலாம். கடையை விட்டு இறங்குமுன் லேபிளில் பவரைப் படித்துப் பாருங்கள். 12.5 கேட்டவருக்கு 125 போனால் பத்து மடங்கு. ஒரு புள்ளிதான் வித்தியாசம். அந்தப் பயத்தில் நான் இரண்டு தடவை பார்த்துத்தான் எடுத்துக் கொடுப்பேன், நீங்கள் மூன்றாவது தடவை பார்த்தால் சந்தோஷம்.

மாத்திரை அதிகமானால் என்ன ஆகும் என்பது குறைவாகப் பேசப்படுகிறது. படபடப்பு, கை நடுக்கம், தூக்கம் வராமை, வியர்வை, காரணமில்லாமல் எடை குறைவது. நாள்பட்டால் இதயத் துடிப்பு தாளம் தப்பும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு தேயும். அதனால்தான் வயதானவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் 12.5 அல்லது 25-இல் மெதுவாக ஆரம்பிப்பார்கள். "டாக்டர் ரொம்பக் கம்மியாக் குடுத்திருக்கார்" என்று நினைக்காதீர்கள், வேண்டுமென்றுதான் கொடுத்திருக்கிறார். நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல், துடிப்பு தாறுமாறாகப் போவது என்றால் மருந்துக் கடைக்கு வராதீர்கள், நேராக ஆஸ்பத்திரி. சர்க்கரை மாத்திரையோ, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரினோ சாப்பிடுகிறவர்களுக்குத் தைராய்டு பவர் மாறும்போது அவற்றின் அளவும் மாற வேண்டி வரலாம். உடம்பு இளைக்க இதைக் கேட்டு வருகிற பிள்ளைகளுக்கு என் பதில் கிடையாது என்பதுதான். அமெரிக்காவில் இந்த மருந்தின் விவரத் தாளில், எடை குறைக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று கட்டம் கட்டியே எச்சரித்திருக்கிறார்கள்.

கர்ப்பம் தரித்தவர்களுக்கு அவசரமான செய்தி ஒன்று உண்டு. குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு ஆரம்ப மாதங்களில் தாயின் தைராக்சின்தான் ஆதாரம், அதனால் தாய்க்குத் தேவை கூடும். கர்ப்பம் என்று தெரிந்த அன்றே டாக்டருக்குச் சொல்லுங்கள், அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம். குழந்தைக்கு ஆகாதோ என்று பயந்து தானாக நிறுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், நிறுத்துவதுதான் ஆகாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிற இரும்புச் சத்து மாத்திரையை விட்டுவிடாதீர்கள், நேரத்தை மட்டும் 4 மணி தள்ளிவிடுங்கள்.

முட்டைகோஸ் பற்றிக் கேட்காமல் யாரும் போவதில்லை. சமைத்து அளவாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. அயோடின் உப்பையும் வழக்கம்போலப் போடுங்கள். முட்டைகோஸை ஒதுக்கிவிட்டு மாத்திரையைக் காப்பியில் முழுங்குகிற கூத்தைத்தான் நிறுத்த வேண்டும்.

பள்ளத்தூர் ஆச்சிக்கு வருவோம். விஷயத்தைச் சொன்னதும், "அப்ப மூணு வருஷமா நான் காப்பிக்கா வைத்தியம் பாத்தேன்?" என்று சிரித்தார். டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் மாற்ற வேண்டும் என்றேன். ஏனென்றால் பாதியும் உள்ளே போகாது என்பது தெரியாமல் ஏற்றிவைத்த 100 அது. இனிமேல் ஒழுங்காகப் போட்டால் ஒழுங்காக ஏறும், அப்போது அதுவே அதிகமாகிவிடலாம். ஆச்சி மாற்றிக்கொண்டார், டாக்டரிடம் சொல்ல மட்டும் மறந்துவிட்டார். ஐந்தாவது வாரம் போனில், "தம்பி, நெஞ்சு தடதடங்குது, ராத்திரி பூரா முழிச்சுக் கெடக்கேன்." அன்றைக்கே டாக்டரிடம் போகச் சொன்னேன். டிஎஸ்எச் 0.1. பவரை 75-க்கு இறக்கி, இரண்டு மாதம் கழித்துப் பார்த்ததில் 2.3.

புதுச் சீட்டோடு வந்தவர் பையிலிருந்து பழைய 100 பவர் டப்பாவை எடுத்து வைத்தார். பாதிக்கு மேல் இருந்தது. "வீணாத்தானே போகும், மருமகளுக்கும் தைராய்டுதான், அவளுக்குக் குடுத்துரவா?"

மருமகள் சாப்பிடுவது 25. டப்பாவைக் கையோடு வாங்கி இந்தப் பக்கம் வைத்துக்கொண்டேன்.